மெர்ரிக்கின் எலும்புகள் சொன்ன உண்மை

ஜோசப் கேரி மெர்ரிக் பிறந்தபோது அவரிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. 1862 ஆகஸ்ட் 5ஆம் தேதி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஓர் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் உதட்டருகே வீக்கம் தோன்றியது. பிறகு நெற்றி எலும்பு புடைத்தது. வலக்கையும் இரு பாதங்களும் அளவுக்கு மீறிப் பருத்தன. தோல் பல இடங்களில் தடித்துத் தொங்கியது. இடக்கை மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் மென்மையாகவே வளர்ந்தது.

உலகம் அவரை ‘யானை மனிதன்’ என்று அழைத்தது. அவரைப் பற்றிய திரைப்படத்தையோ படங்களையோ உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பார்த்தவர்களின் நினைவில் தங்குவது அவருடைய முகம்தான்.

நான் ஊடுகதிர்ப் படத்துறையில் பயிலும் பல்கலைக்கழக மாணவி. எலும்புகளைப் பார்ப்பதும் அவை எங்கே வளைந்திருக்கின்றன, எங்கே தேய்ந்திருக்கின்றன என்று கண்டறிவதும் என் படிப்பு. அதனால் மெர்ரிக்கின் வாழ்க்கையை அவருடைய முகத்திலிருந்து தொடங்காமல் எலும்புகளின் வழியே சொல்ல விரும்புகிறேன். அவர் இறந்து ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அவரைப் பற்றிய ஒரு பெரிய தவற்றைத் திருத்த உதவியவை அந்த எலும்புகள்தாம்.

இடுப்பில் பட்ட அடி

சிறுவயதில் ஜோசப் ஒருமுறை கீழே விழுந்தார். இடது இடுப்பில் அடிபட்டது. அந்த மூட்டில் நோய் பற்றிக்கொண்டது. அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் கால் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் ஓடித் தப்பிக்கவும் அவரால் முடியாது.

அவருடைய தாய் மேரி ஜேன், ஞாயிறு பள்ளியில் கற்பித்தவர். கருவுற்றிருந்தபோது சந்தைத் திருவிழாவில் ஒரு யானையைக் கண்டு அவர் மிரண்டதால்தான் மகனுக்கு இப்படி ஆனது என்று குடும்பத்தார் நம்பினர். ஜோசப்பும் அதையே நம்பினார். தாய் கண்ட காட்சி பிள்ளையின் உடலில் பதியும் என்பது அக்காலத்தில் பலரிடமும் இருந்த நம்பிக்கை. அதற்கு அறிவியல் அடிப்படை எதுவுமில்லை.

ஜோசப்புக்கு 10 வயதானபோது, 1873இல் தாய் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். 13 வயதளவில் பள்ளிப் படிப்பு முடிந்து, சுருட்டு சுற்றும் வேலைக்குப் போனார் ஜோசப். வலக்கை மேலும் கனத்ததும் அந்த வேலை போயிற்று. தந்தையின் கடைச் சரக்கைத் தெருத்தெருவாக விற்கச் சென்றார். வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். விற்பனை குறைந்தால் வீட்டில் ஏச்சும் அடியும் கிடைத்தன. ஒருநாள் தந்தை கடுமையாக அடித்தபின் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். முடிதிருத்தும் தொழில் செய்த சிற்றப்பா சார்ல்ஸ் மட்டும் அவருக்கு இடம் கொடுத்தார்.

சிற்றப்பாவுக்குச் சுமையாக இருக்க விரும்பாத ஜோசப், 1879 டிசம்பர் இறுதியில், 17 வயதில், லெஸ்டரின் ஏழையர் விடுதியில் சேர்ந்தார். வேறு வழியற்றவர்கள் உழைத்து உண்ணும் இடம் அது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். மேலுதட்டில் வளர்ந்த தசை உண்ணவும் பேசவும் தடையாக இருந்ததால் 1882இல் அறுவை சிகிச்சை செய்து அதில் ஒரு பகுதியை நீக்கினர்.

கடையில் காட்சிப்பொருள்

விடுதியிலிருந்து வெளியேற மெர்ரிக் கண்ட வழி நம் மனத்தைச் சங்கடப்படுத்தும். தன் உடலைக் காட்டிச் சம்பாதிக்க அவரே முடிவு செய்தார். 1884இல் கேளிக்கைக் காட்சி நடத்துவோரைத் தொடர்புகொண்டு ஒப்பந்தம் செய்தார். அந்த ஆண்டின் இறுதியில் லண்டனின் ஒயிட்சேப்பல் சாலையில், லண்டன் மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையொன்றில் அவரைக் காட்சிக்கு வைத்தனர். காட்சிக்காக வெளியிட்ட குறிப்பில் தலையின் சுற்றளவு 36 அங்குலம், வலது மணிக்கட்டின் சுற்றளவு 12 அங்குலம் என்று இருந்தது.

சாலையைக் கடந்து வந்து அவரைப் பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர் மெர்ரிக்கை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஆராய்ந்தார். 1884 டிசம்பரில் லண்டன் நோயியல் சங்கத்தின் முன் நிறுத்தினார். மருத்துவர்கள் பார்த்தார்கள், அளந்தார்கள், குறித்துக்கொண்டார்கள். ஆனால் இது என்ன நோய் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

அவர்களிடம் ஊடுகதிர்ப் படம் இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஜெர்மானிய இயற்பியலாளர் ரோண்ட்கன் அக்கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். மெர்ரிக் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய எலும்புகளை யாரும் பார்த்ததில்லை.

லண்டனில் காவல்துறையின் கெடுபிடியால் காட்சி மூடப்பட்டது. ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்ற ஒருவர், மெர்ரிக் சேமித்து வைத்திருந்த பணத்தைப் பறித்துக்கொண்டு பிரசல்ஸ் நகரில் கைவிட்டுவிட்டார். 1886 ஜூனில் எப்படியோ லண்டனின் லிவர்பூல் ஸ்திரீட் ரயில் நிலையத்தை வந்தடைந்தார் மெர்ரிக். கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. அவரிடமிருந்த டிரீவ்ஸின் முகவரி அட்டையைப் பார்த்துக் காவலர்கள் மருத்துவரை அழைத்தனர்.

நான்கு ஆண்டுகள் கிடைத்த வீடு

குணப்படுத்த முடியாத நோயாளிகளை லண்டன் மருத்துவமனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. அத்தகையோருக்கான இல்லங்களும் மெர்ரிக்கை ஏற்க மறுத்தன. மருத்துவமனையின் தலைவர் கார் காம், 1886 டிசம்பர் 4ஆம் தேதி ‘தி டைம்ஸ்’ நாளிதழில் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்நாள் முழுவதும் பராமரிக்கப் போதுமான நன்கொடை வந்து சேர்ந்தது. மருத்துவமனை வளாகத்திலேயே மெர்ரிக்குக்கு அறைகள் ஒதுக்கப்பட்டன. அங்கு கண்ணாடி மாட்டக்கூடாது என்று டிரீவ்ஸ் சொல்லி வைத்திருந்தார்.

அந்த அறைகளில் மெர்ரிக் நிறைய வாசித்தார். கடிதங்கள் எழுதினார். நலமாக இருந்த இடக்கையைக் கொண்டு அட்டையில் ஒரு தேவாலய மாதிரியைச் செய்தார். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1887இல் இளவரசி அலெக்சாண்ட்ரா நேரில் வந்து அவருடன் கைகுலுக்கினார். கோடைகாலத்தில் கிராமப்புறத்துக்குச் சென்று காட்டுப் பூக்களைச் சேகரித்தார்.

ஆனால் எலும்பு வளர்வது நிற்கவில்லை. தலை மிகவும் கனத்ததால் அவரால் மல்லாந்து படுக்க முடியாது. உட்கார்ந்தபடியே, முழங்கால்களில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். 1890 ஏப்ரல் 11ஆம் தேதி பிற்பகல், படுக்கையில் இறந்து கிடந்தார். மற்றவர்களைப்போல் படுத்துத் தூங்க முயன்றபோது தலையின் பாரத்தால் கழுத்தெலும்பு நழுவியிருக்கும் என்று டிரீவ்ஸ் கருதினார். அப்போது மெர்ரிக்கின் வயது 27.

அவருடைய எலும்புக்கூட்டை மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரி பாதுகாத்து வைத்தது.

இரண்டு தவறான பெயர்கள்

இறந்த பிறகு மெர்ரிக்குக்கு இரண்டு தவறான பெயர்கள் வந்து சேர்ந்தன.

முதலாவது, நோயின் பெயர். லெஸ்டரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்த அதே 1882இல், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய நோயியல் பேராசிரியர் ஃபிரெடரிக் ஃபோன் ரெக்லிங்ஹவுசன் ஒரு நூல் வெளியிட்டார். தோலில் தோன்றும் ஒருவகைக் கட்டிகள் நரம்புகளிலிருந்து வளர்கின்றன என்று அதில் விளக்கினார். அந்நோயே இன்று நியூரோஃபைப்ரோமடோசிஸ் எனப்படுகிறது. மெர்ரிக்குக்கும் இருந்தது இதுதான் என்று 1909இல் பார்க்ஸ் வெபர் என்ற லண்டன் மருத்துவர் எழுதினார். மற்ற மருத்துவர்களும் அதை ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாவது, மெர்ரிக்கின் சொந்தப் பெயர். டிரீவ்ஸ் 1923இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் ஜோசப்பை ஜான் என்று எழுதினார். பின்னர் வந்த நாடகமும், டேவிட் லிஞ்ச் இயக்கிய 1980ஆம் ஆண்டுத் திரைப்படமும் ஜான் என்றே அழைத்தன. அந்தப் படம் உலகெங்கும் ஓடியது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்றால் யானை மனித நோய் என்று மக்கள் பேசத் தொடங்கினர்.

பெயர் மாறினால் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். இதன் விளைவை என் குடும்பத்திலேயே பார்த்தேன்.

என் சித்தியின் மகனுக்கு வயது 9. அவனுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸின் முதல் வகை, அதாவது என்எஃப்-1 உள்ளது. கால்சட்டைக்குள் ஒரு கால் தாங்கி அணிந்து பள்ளிக்குப் போகிறான். நோயின் பெயரை இணையத்தில் தேடிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் மெர்ரிக்கின் படத்தைக் கண்டுபிடித்தார்கள். அன்று முதல் தம்பிக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. தன் முகமும் ஒருநாள் அப்படி ஆகிவிடுமா என்று அவன் என்னிடம் கேட்டான். ஆகாது என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அந்த விளக்கத்தைத்தான் இங்கே விரிக்கிறேன்.

என்எஃப்-1 எலும்பை என்ன செய்கிறது?

என்எஃப்-1, ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். 1990இல் அந்த மரபணு கண்டறியப்பட்டது. பாதிப் பேருக்குத் தாய் அல்லது தந்தையிடமிருந்து வருகிறது. மீதிப் பேருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது. இது தொற்றுநோய் அன்று. கர்ப்பிணி எதையோ பார்த்ததாலோ சாப்பிட்டதாலோ வருவதுமில்லை.

பெரும்பாலும் முதலில் தெரிவது தோலில் உள்ள பால்காப்பி நிறப் புள்ளிகள். ஒன்றிரண்டு பலருக்கும் இருக்கும். ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்புக் கட்டிகள் பெரும்பாலும் பதின்ம வயதிலிருந்து தோன்றுகின்றன. தோல், நரம்பு இரண்டையும் பாதிக்கும் நோய் என்பதால் எலும்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எலும்புச் சிக்கல்களோ மிகச் சிறிய வயதிலேயே தொடங்கிவிடலாம். 100 குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்குள் முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு, முன்னும் வெளிப்புறமுமாக வளைகிறது. பொதுவாக ஒரு காலில் மட்டும், முதல் வயதிலேயே தெரியும். தவழும் பிள்ளைகளின் கால்கள் சற்று வளைந்திருப்பது இயல்புதான். ஆனால் இரண்டு கால்களும் ஒரேபோல் வளைந்திருப்பது வேறு, ஒரு கால் மட்டும் முன்பக்கம் வளைவது வேறு.

அந்த எலும்பு உடைந்தால் எளிதில் கூடாது. நம் எலும்பு உடைந்தால் சில வாரங்களில் புது எலும்பு வளர்ந்து இணைத்துவிடும். இவர்களுக்கு அந்த இடத்தில் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்புகிறது. உடைந்த இடம் மூட்டுப்போல் அசையத் தொடங்கும். இதைப் பொய்மூட்டு என்கிறோம். அதைச் சரிசெய்ய எலும்புக்குள் கம்பி பொருத்துவது, வெளியே உலோக வளையங்கள் பூட்டுவது, மறுகாலிலிருந்து எலும்பெடுத்து வைப்பது எனப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்படலாம். எனவே எலும்பு உடையாமல் காப்பதே முதல் வேலை. தம்பி அணியும் தாங்கி அதற்காகத்தான். வளைவை நிமிர்த்த அவசரப்பட்டு எலும்பை வெட்டுவதையும் மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். வெட்டிய இடமும் கூடாமல் போகலாம்.

அடுத்தது முதுகெலும்பு. என்எஃப்-1 உள்ளோரில் 100க்கு 10 முதல் 30 பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. பலருக்கு அது மெதுவான, சாதாரண வளைவு. சிலருக்கோ ஆரம்பப் பள்ளி வயதிலேயே, சில முள்ளெலும்புகள் மட்டும் திடீரெனக் கூர்மையாக வளைந்து வேகமாக மோசமாகும். சில குழந்தைகளுக்குக் கண்குழியின் பின்னுள்ள எலும்பு முழுமையாக உருவாவதில்லை. எலும்பின் அடர்த்தியும் பலருக்குக் குறைவாக இருக்கிறது.

இவற்றை மெர்ரிக்கின் எலும்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய மண்டையோட்டில் எலும்பு மலைபோல் குவிந்திருந்தது. வலக்கையின் நீண்ட எலும்புகள் தடித்திருந்தன. என்எஃப்-1இல் பெரும்பாலும் எலும்பு மெலிகிறது, உடைகிறது, கூட மறுக்கிறது. மெர்ரிக்கிடம் அது அளவின்றி வளர்ந்தது.

திருத்தம்

1986இல் டிப்பில்ஸ், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வேறுபாடுகளை ஒன்றுசேர்த்து பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். மெர்ரிக்குக்குப் பால்காப்பிப் புள்ளிகள் இருந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. நரம்புக் கட்டிகள் இருந்ததற்கும் திசுச் சான்று இல்லை. மண்டையோட்டின் பெருக்கம், நீண்ட எலும்புகளின் தடிப்பு, உள்ளங்கால் தோலின் மடிப்புகள் ஆகியவை புரோடியஸ் நோய்க்குறித் தொகுப்போடு பொருந்தின. நினைத்தபடி உருமாறும் கிரேக்கக் கடவுளின் பெயர் அது. 1983இல்தான் அந்நோய்க்கு அப்பெயர் சூட்டப்பட்டது. இன்று பெரும்பாலான வல்லுநர்கள் ஏற்பது இந்த முடிவையே. பலமுறை வெளுக்கப்பட்ட எலும்பு என்பதால் மரபணுச் சோதனை மட்டும் எளிதாக இல்லை.

2011இல் புரோடியஸ் நோய்க்குக் காரணமான மாற்றமும் தெரியவந்தது. அது ஏகேடி1 எனும் மரபணுவில் உள்ளது. காரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என்எஃப்-1 மரபணு உருவாக்கும் புரதம் உயிரணு வளர்ச்சிக்குப் பிரேக் போன்றது. அது பழுதானால் என்எஃப்-1. ஏகேடி1 முடுக்கி போன்றது. அது அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் புரோடியஸ். மேலும் இந்த மாற்றம் கரு உருவான பிறகு சில உயிரணுக்களில் மட்டும் ஏற்படுகிறது. அதனால்தான் உடலின் ஒரு பகுதி பருத்தும் மறுபகுதி இயல்பாகவும் இருக்கிறது. மெர்ரிக்கின் வலக்கைக்கும் இடக்கைக்கும் இருந்த வேறுபாடு இப்போது புரிகிறது. புரோடியஸ் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. மிக மிக அரியது.

ஆக, 1909 முதல் 1986 வரை 77 ஆண்டுகள், என்எஃப்-1 உள்ள பிள்ளைகள் தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு முகத்தைச் சுமந்தார்கள். இணையத்தின் பழைய பக்கங்களில் அந்தத் தவறு இன்னும் உலவுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தம்பிக்கு மெர்ரிக்கின் நோய் இல்லை என்பதற்காக மட்டும் அந்தப் பட்டப்பெயர் தவறாகவில்லை. புரோடியஸ் உள்ள பிள்ளையை அப்படி அழைப்பதும் அதே அளவு தவறு. மெர்ரிக்கும் அந்தப் பெயரோடு பிறக்கவில்லை. இடுப்பு வலியோடு தெருவில் சரக்கு விற்ற சிறுவன் அவர். ஒரு கையால் தேவாலயம் கட்டிய இளைஞர் அவர்.

நாம் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் பயனுள்ளது. நம் பள்ளிகளில் தாதியர் முன்புறம் குனியச் சொல்லி முதுகைப் பார்க்கும் பரிசோதனையைக் கூச்சப்பட்டுத் தவிர்க்காதீர்கள். தம்பி தங்கையின் தோலில் பல பால்காப்பிப் புள்ளிகளோ, ஒரு காலில் மட்டும் வளைவோ கண்டால் பெற்றோரிடம் சொல்லுங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட வேண்டாம். வகுப்பில் யாரேனும் காலிலோ முதுகிலோ தாங்கி அணிந்திருந்தால், படிக்கட்டில் அவர் வேகத்துக்கு நடந்து, அவரை அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.